பொடி எழுத்து

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆரணியில் எங்கள் தெருவில் இங்கிலீஷ் எழுத்தை அச்சுப்போல எழுதத் தெரிந்த ஒரே பெண் நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பழக்கியது. எழுதத்தான் தெரியும்; அர்த்தம் தெரியாது. மாமாவுக்கு அது தோதாகப் போயிற்று.

மாமா, அம்மாவின் தம்பி. வேலூரில் காலேஜ் படித்தார். சர்வகலாசாலையின் எப்.ஏ. பரீட்சையில் சரித்திரப் பாடம் அவரை இரண்டு முறை கவிழ்த்திருந்தது. இந்த முறையும் தேறாவிட்டால் தறியில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் லீவில் வந்த மாமா, விரலகலக் காகிதத் துண்டுகளையும் ஒரு புத்தகத்தையும் என்னிடம் நீட்டினார்.

"எவ்ளோ பொடிசா முடியுமோ அவ்ளோ பொடிசா எழுது கண்ணு. அம்மாகிட்ட சொல்லாத."

"ஏன் மாமா பொடிசா?"

"காகிதம் வீணாவக் கூடாதுல்ல?"

நம்பினேன். ஏழு துண்டுகளில் எறும்பு ஊர்வதுபோல எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை.

பரீட்சை முடிய இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே மாமா வண்டியிலிருந்து இறங்கினார். துண்டுகளைத் தாமே மேற்பார்வைத் துரையிடம் கொடுத்துவிட்டாராம். இரண்டு வருஷத்துக்குப் பரீட்சை எழுதக்கூடாது என்று தண்டனை.

"யாரும் பாக்கலியேடா! அப்புறம் நீயே ஏன்டா குடுத்தே?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பக்கத்துல களம்பூர்ப் பையன் ஒருத்தன் பதில் தெரியாம பேனாவ வெச்சிட்டுச் சும்மா உக்காந்துகினு இருந்தான்க்கா. அவனப் பாத்தப்புறம் எனக்குக் கை ஓடல."

அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "யாரு எழுதிக் குடுத்தது?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானேதாங்க எழுதினேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏழு துண்டும் நான் எழுதியது! ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் தறியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி எழுதித் தேறியது பிறகு நடந்த கதை.

கோபம் தாங்காமல் ஒருநாள் தறிக்கருகே போய் நின்று கேட்டேன்: "அடுத்தவங்க எழுதினத நம்ம எழுதினதுன்னு சொல்லலாமா மாமா?"

இழைகளுக்கு நடுவே நாடா ஓடுவது நின்றது.

"கூடாதும்மா," என்றார், சிரிக்காமல்.

பிறகு ஏன் சொன்னார்? எவ்வளவு யோசித்தும் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.