தன் குடிசைக்குப் போட்ட குறி

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் மூங்கில் தட்டிக் குடிசைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற காலம். ஊர்ச் சுகாதார ஆபீஸில் ஏனோக் என்றொருவர் வேலை பார்த்தார். குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும்போதெல்லாம் மூச்சு முட்டியது; மூன்றே மாதத்தில் அதை விட்டுவிட்டு, சாக்கடைகளுக்குச் சுண்ணாம்பு தெளிக்கும் வேலையில் சேர்ந்துகொண்டார்.

பிளேக் வந்த வருஷம் அந்த வேலையும் மாறிப்போனது. எலி செத்து விழுந்த குடிசைக் கதவில் தாரால் குறி போட வேண்டும். குடிசையைக் கொளுத்திவிடுவார்கள். அங்கே இருந்தவர்கள் மாரிகுப்பத்துக்கு அப்பால், பாறைக்காட்டு முகாமில் பத்து நாள் இருந்துவிட்டு வர வேண்டும். யார் அழுதாலும் ஏனோக் குறி போடாமல் திரும்பியதில்லை. தனிக்கட்டையாக இருந்த மரியகுழந்தையின் குடிசையும் அப்படித்தான் போனது. பிரசவம் பார்க்கிற அந்த அம்மாள் அவரைத் திட்டவில்லை. முகாமிலிருந்து நல்லபடியாக வந்து, பக்கத்துச் சுரங்க ஊரான கோரமண்டலில் தங்கை வீட்டோடு ஒதுங்கிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, விடியற்காலையில், ஏனோக்கின் அரிசிப் பானைக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. மனைவி பாக்கியவதிக்கு அது நிறைமாதம்.

"யாருக்கும் தெரியாது. குழி தோண்டிப் பொதச்சிடுங்க. இந்த நேரத்துல என்னை அந்தக் காட்டுக்கா இட்டுனு போவீங்க?" என்றாள்.

அவர் மண்வெட்டியைக் கையில் எடுத்ததும் உண்மைதான். பிறக்கப்போகிற பிள்ளை இதே தரையில்தானே படுக்கும் என்று நினைத்தபோது கை ஓடவில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டுத் தார்ச்சட்டியை எடுத்தார். முகாம் வரை வண்டியில் அவள் அவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் காலையில் இடுப்புவலி கண்டது. முகாமில் பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண் யாருமில்லை. கோரமண்டலுக்கு, மரியகுழந்தையிடம் சொல்லி அனுப்பிவிட்டு, வரமாட்டார் என்றே ஏனோக் நினைத்திருந்தார். உச்சிவெயிலில் மரியகுழந்தை வந்து நின்றார். உள்ளே போனால் பத்து நாளைக்கு வெளியே விடமாட்டோம் என்று காவல்காரர் எச்சரித்தார்.

"தெரியும். ஏற்கெனவே இருந்துட்டுப் போனவதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

ஏனோக்கால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவரை, தண்ணி காயவைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார் அந்த அம்மாள். வெயில் தாழ்வதற்குள் பெண்குழந்தை பிறந்தது.

அதன் பிறகு பயமெல்லாம் பிளேக் காய்ச்சலைப் பற்றித்தான். தினமும் காலையில் மரியகுழந்தை, தாய்க்கும் பிள்ளைக்கும் நெற்றியையும் அக்குளையும் தொட்டுப் பார்ப்பார். சுடவில்லை, கட்டியில்லை என்று சொல்கிறவரை ஏனோக் பக்கத்தைவிட்டு நகரமாட்டார். முகாமுக்கு வந்த ஆறாம் நாள் பாக்கியவதியே அவர் பக்கம் திரும்பினாள்.

"பாதி ஆளாப் போயிட்டீங்க. கொஞ்ச நேரம் படுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் அங்கேயே, வெறும் பாறைமேல், துண்டை விரித்துத் தூங்கிப்போனார்.

மரியகுழந்தைக்குப் பத்து நாள் முடிகிறவரை அவர்களும் கூடவே இருந்தார்கள். கடைசியில் டாக்டர் வந்து நான்கு பேரையும் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். வேலிக்கு வெளியே வந்ததும் ஏனோக் பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. அவ்வளவு திடமான அழுகையைக் கேட்டு மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.