வலி வார்டில் கண்ணை மூடுற கிளாஸ்

மற்ற நர்ஸ்கள் ஊசியை எடுத்தால்தான் நோயாளி முகம் சுளிப்பார். நான் "கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க" என்றாலே சுளிப்பார். தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் வலி சிகிச்சைப் பிரிவில் எனக்கு அதுதான் வேலை. போர்டில் 'மனக்கவனப் பயிற்சி' என்று இருக்கும். வருகிறவர்களுக்கு அது 'கண்ணை மூடுற கிளாஸ்'. வலி வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், மூச்சைக் கவனித்துக்கொண்டு, வலி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பேன். இடுப்போ முழங்காலோ, ஏதோ ஒரு வலியோடு குடித்தனம் நடத்துகிற உங்களுக்கு இது புரியும். எனக்கும் இடுப்பு வலி உண்டு, ஆகவே நானும் உங்கள் கட்சிதான்.

வந்தவர்களில் கமலாவை மறக்க முடியாது. சொந்த ஊர் கூடலூர் மலைப்பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது திரேஸ்புரத்து லூர்துவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். பேச்சும் கடற்கரைப் பேச்சாகிவிட்டது. பிறவியிலேயே சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். அப்போது எலும்புக்குள் வருகிற வலிக்குப் பிரசவ வலியே தேவலை என்பாள். இரண்டு பிள்ளை பெற்றவள், தெரிந்துதான் சொல்வாள்.

அலைச் சத்தம்

முதல் வகுப்பில் போனில் அலைச் சத்தத்தை ஓடவிட்டு, "கடற்கரையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். கடலை லீவு நாளில் மட்டும் பார்க்கிற யாரோ தயாரித்த ஒலிப்பதிவு அது. என் எதிரே இருந்தவர்களில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பெண்கள். ஒரு முகத்திலும் நிம்மதியைக் காணோம். கமலாவின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டேன்.

"அவுக கடலுக்குப் போயிருக்காவ சிஸ்டர். இந்த இரைச்சலைக் கேட்டா, படகு வந்துட்டான்னு எந்திரிச்சுப் பாக்கணும்போல இருக்கு. ஃபேன் சத்தமே போதும்."

மாத்திரை

கமலாவுக்கு என்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. வலியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிய காலங்களில், "பார்க்க நல்லாத்தானே இருக்கே, ஊசிக்கு ஆசைப்பட்டு வர்றியா?" என்று கேட்டவர்கள் உண்டாம். கண்ணை மூடப் பழகிவிட்டால் மருந்தையும் நிறுத்திவிடுவோமோ என்று பயந்தாள். மாத்திரை எப்போதும்போல உண்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டியதும் அப்படியேதான் என்றேன். காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் உட்காரவே உட்காராதே, நேரே கிளம்பி வா என்றும் சொன்னேன். அப்புறம்தான் மனம் ஒப்பி வகுப்புக்குத் தொடர்ந்து வந்தாள். சில மாதம் கழித்து, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது அப்படியேதான் இருக்கு சிஸ்டர். முன்னெல்லாம் வீடு முழுக்க இருக்கும், இப்ப முழங்கால்ல மட்டும் இருக்கு."

மூச்சடக்கம்

நடுவில் ஒருமுறை, வீட்டில் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது என்றாள். விசாரித்தால் வாத்தியார் மாறியிருந்தார். லூர்து கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுக்கிறவன். இப்போது குழாய் வழியாகக் காற்று வந்தாலும், மூச்சடக்கத் தெரியும் என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை. மூச்சு என்ற சொல்லைக் கேட்டதும் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மனைவியை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான்! இந்த நோய்க்கு ஆக்ஸிஜன் குறைந்தால்தான் வினையே. அவனைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். அடக்கவே கூடாது, தானாக வந்து போவதைக் கவனித்தால் போதும் என்றேன். அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

"தண்ணிக்கு மேல இருக்கும்போது மூச்சை எதுக்கு சிஸ்டர் பாக்கணும்? அது பாட்டுக்கு வந்துட்டுப் போவுது!"

அவசரப் பிரிவு

மழைக்காலத்தில் ஒரு காலை, வகுப்புக்குப் போகும் வழியில் அவசரப் பிரிவின் பெஞ்சில் கமலாவைப் பார்த்தேன். கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரைக்கு அடங்காத வலி. பக்கத்தில் லூர்து தவித்துக்கொண்டிருந்தான். டியூட்டி டாக்டர் கேட்டதற்கு, வலி பத்துக்கு ஒன்பது என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காத்திருக்கச் சொல்லிவிட்டார். விரலில் மீன்முள் குத்திய ஒருவர் ஊரைக் கூட்டி அலறியதில் அவளுக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்.

நான் சொல்லிக்கொடுத்ததை அவள் அவ்வளவு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள். அதனாலேயே அவள் வலி யார் கண்ணிலும் படவில்லை. கையைத் தொட்டேன், வியர்த்து ஜில்லென்று இருந்தது. "இப்ப நெஞ்சுலயும் குத்துது சிஸ்டர். இது எப்பவும் வார வலி இல்ல" என்றாள், அதே நிதானமான குரலில். நான் டாக்டரிடம் ஓடினேன். எனக்கு முன்னால் லூர்துவின் குரல் ஓடியது. நடுக்கடலில் படகுக்குப் படகு பேசுகிற குரல் அது. டாக்டரும் ஆக்ஸிஜனும் ஸ்ட்ரெச்சரும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஏற்றிப் படுக்க வைத்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. கமலா வெட்கப்பட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏளா, நீ மூச்சைப் பாரு. கத்துறதை நான் பாத்துக்கிடுதேன்!"

நுரையீரல் அடைப்பிலிருந்து தேறி கமலா வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள், நானோ இப்போதெல்லாம் அமைதியாக இருக்கப் பழக வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக, உங்களுக்காகச் சத்தம் போட வீட்டில் ஆள் உண்டா என்றுதான் கேட்கிறேன்.