கடைசி மூன்று வாய்கள்

ஸ்டெல்லா அக்காவின் கணவர் போனில் அழைத்தபோது நான் அடிவாரத்தில் வேறொரு ரோட்டுக்கு லெவல் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அக்கா எழவில்லையாம். “சரிங்க” என்றேன். போனை வைத்துவிட்டு மீதி நான்கு அளவுகளையும் குறித்துக்கொண்டேன். பிறகு சரிபார்த்தேன். நான்கிலும் பிழை இல்லை.

அக்காவோடு சைட்டில் நின்ற உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் சூப்பர்வைசர். மலைமேல் மாரமங்கலத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் இறங்கி வருவார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதில்லை. நான் வேலை முடியவேண்டும் என்பேன். அவர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவேண்டும் என்பார்.

கடைசியாகச் சேர்ந்து செய்தது சேலத்தில் ஒரு சரிவான தெரு. மழைத் தண்ணீரைச் சாக்கடைக்குத் துரத்தாமல், விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது திட்டம். ரோட்டோரம் நீளமாகப் பள்ளம் எடுத்து, ஜல்லியும் மணலும் நிரப்பி, மேலே செடி. ரோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே தடுப்புக்கல். தண்ணீர் உள்ளே போக அதில் சாண் அகலத்துக்கு இருபத்திரண்டு இடைவெளிகள். அக்கா அவற்றை வாய் என்பார். முதல் நாளே டிராயிங்கைப் பிரிக்காமல், “ஏனுங்க, கடைசி ஊடு யாருதுங்க?” என்று கேட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார். அது தையல்காரர் வாசுகியின் வீடு. போன மழையில் முழங்கால் அளவு தண்ணீர். “இந்த மழைக்கு வராதுங்க” என்று அக்கா அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். எனக்குக் கோபம். எந்த டிசைனுக்கும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது.

வேலை முடிந்ததும் மேஸ்திரி போட்டோ அனுப்பினார். தடுப்புக்கல் வழவழவென்று இருந்தது. ஓகே போட்டேன். மறுநாள் அக்கா பச்சைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ரோட்டில் ஊற்றினார். அது நேராக வாசுகி வீட்டைப் பார்த்து ஓடியது. இருபத்திரண்டு இடைவெளிகளையும் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார் மேஸ்திரி. சந்து விட்டால் அரைகுறை வேலை என்று பேர் வருமாம்.

“ஏனுங்க மேஸ்திரி, வாயைப் பூசிட்டா அது எப்படிங்க குடிக்கும்?” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “இஞ்சினியர் சாமி போட்டோவுல தண்ணி ஊத்திப் பாத்தீங்களாக்கும்?” மேஸ்திரி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக உடைத்தார்கள். உடைத்த வாயில் அக்கா ஒரு குடம் ஊற்றுவார், இறங்கும்வரை நிற்பார், சாக்பீஸால் சின்னச் சிலுவை போடுவார். சனிக்கிழமை சாயங்காலம் பத்தொன்பது முடிந்திருந்தது. பாக்கி மூன்றும் வாசுகி வீட்டு முன்னால். இருந்து முடிக்கலாம் என்றார் அக்கா.

“திங்கக்கிழமை பாத்துக்கலாம். மூணுதானே?”

“தண்ணி அங்கதானுங்க வந்து நிக்கும்.”

நான் பைக்கை எடுத்துவிட்டேன். அவரும் பஸ்ஸுக்குப் போனார். திங்கட்கிழமை காலைதான் அந்தப் போன். அன்று யாரும் உளியைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மாரமங்கலத்தில் அடக்கம். ஜெபம் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து எஸ்டேட்டில் காப்பி வரிசைகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் இறங்க வெட்டிய குழிகள் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரவில்லை. அந்த மூன்று வாய்கள்தான் ஞாபகத்தில் இருந்தன. மண் போட்டதும் கிளம்பிவிட்டேன்.

மலையிறங்கித் தெருவுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. சிலுவை போட்ட பத்தொன்பதும் குடித்திருந்தன. வாசுகி வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். முழங்காலுக்குக் கணுக்கால் குறைவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“மெஷின் மோட்டார் கீழதானுங்க இருக்குது” என்றார் வாசுகி. பிறகு, “அக்கா வரலீங்களா?” என்று கேட்டார். சொன்னேன். சீலையால் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “சொன்னா சொன்னபடி செய்யறவங்களாச்சே, ஏன் வரலைன்னு பாத்தேன்” என்றார். பூசியிருந்த மூன்றையும் உடைக்காமல் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டது நான்தான் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் மறுபடி மோட்டாரைத் துடைக்கத் தொடங்கினார்.

மேஸ்திரியிடம் உளியை வாங்கி மூன்றையும் நானே உடைத்தேன். ஊற்றினேன். இறங்கும்வரை நின்றேன்.

அக்காவின் பச்சைக் குடம் இப்போது என்னிடம் இருக்கிறது. புது சைட்டில் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் கடைசி வீட்டுக்குப் போகிறேன்.