மரம் வெட்டினவர்களின் தண்டவாளம்

தண்டலத்தில் ஒரு மாடி ஆபீஸ். வெளிநாட்டுக்காரர்களின் பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் அச்சு அசலாகத் திரும்ப வரைவது எங்கள் வேலை. எனக்கு வந்தது ஒரு எரிமலைக் காடு. நெருப்பு அடங்கிப்போன மலை, சுற்றிலும் காடு, அதில் மரம் வெட்டப் போனவர்களின் குடிசைகள், மரம் இழுத்துவரப் போட்ட தண்டவாளம்.

முதல் ஷீட்டிலேயே மானம் போனது. மலை உச்சியில் வட்டமாக ஒரு பள்ளம். எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் ஏரிதானே? நீலம் அடித்துவிட்டேன். "இன்னாம்மா, எரிமலை வாயில தண்ணி ஊத்தி அணைச்சுட்டியா?" என்றார் டீம் லீடர். ஆபீஸே சிரித்தது. நானும்தான். "இன்னொரு தப்பு வந்துச்சு, பர்மனென்ட்ட மறந்துடு" என்றார் அடுத்து. அதற்குச் சிரிப்பு வரவில்லை. நான் பர்மனென்ட் ஆனால்தான் அப்பாவை நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி வேலையிலிருந்து நிறுத்த முடியும்.

அதே மனுஷன் மறு வாரம் வந்து நின்றார். டெலிவரிக்கு நேரமில்லையாம். "குடிசை, தண்டவாளம்லாம் வுட்டுடு. அங்க இப்ப எவனும் இல்ல. எவன் கேக்கப் போறான்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரகடம் பக்கம் எங்கள் வீடு இருந்த இடத்தைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு, இப்போது அங்கே புது லாரிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். நிலம் போனது போகட்டும். அந்த ஊர் ஒன்றும் சொர்க்கம் இல்லை, கொசுக்கடியும் வாய்க்கால் சண்டையும்தான். ஆனால் பழைய விலாசத்தோடு தாலுகா ஆபீஸுக்குப் போன அப்பாவிடம் கவுன்டரில் ஒருத்தன், "அப்டி ஒரு ஊரே இல்லயே பெரியவரே" என்றான் பாருங்கள், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. அந்தக் காட்டில் இருந்தவர்கள் யாரோ, எவரோ. இருந்தார்கள் இல்லையா?

"முடியாது சார். மேப்ல கீது, நான் போடுவேன்."

"இன்னா, எதுத்துப் பேசிக்கினு கீற? வுட்டா நீ பர்மனென்ட். போட்டா, நாளைக்கு வராத."

"வருவேன் சார். முடிஞ்சா ஆள வெச்சு வெளிய அனுப்பிக்குங்க."

மறுநாள் போனேன். யாரும் தடுக்கவில்லை. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. நான் திரும்பவே இல்லை. தண்டவாளம், குடிசை எல்லாவற்றையும் போட்டு முடித்தேன்.

பர்மனென்ட் ஆக்கவில்லை. அந்த மாதத்தோடு அனுப்பிவிட்டார்கள். நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னபோது அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் போட்டுட்டியா?" என்றார்.

"ஒண்ணுகூட வுடலப்பா."

"அப்ப சரி" என்று யூனிஃபார்ம் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினார்.