வீடியோவில் இருந்த பெண்

ஒருவர் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானா?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. அவர் கேட்ட பிறகு இன்றுவரை அது முழுசாகத் தீர்ந்ததும் இல்லை.

அப்போது நான் சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கம்பெனி பிடித்துக் கொடுத்த ஹாஸ்டலில், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தியோடு ஒரே அறையில் இருந்தேன். உற்பத்தி லைனில் என் வேலை, போனின் பின்பக்கக் கேமராவுக்கு மேலே வரும் பொடிக் கண்ணாடியைச் சோதிப்பது. விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்கு அடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தூசி, விரல்ரேகை, புகை படிந்த மாதிரி ஒரு மங்கல், இதில் எது இருந்தாலும் சிவப்புத் தட்டில் போட வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் சிவப்புத் தட்டுதான். எங்கள் சூப்பர்வைசருக்கு அதில் தயவு தாட்சண்யமே கிடையாது.

தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளை அங்கி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளையே கேன்டீனில் மாஸ்க் இல்லாமல் பார்த்து, யாரோ என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

இப்படி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு டிவியில் நடிக்க வேண்டும் என்று ஆசை வரலாமா என்று கேட்டால், வந்துவிட்டதே, என்ன செய்வது? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ராணிக்குப் பின்னால் நின்று விசிறி வீசியிருக்கிறேன். வசனம் கிடையாது. அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் அம்மா பீடி சுற்றிக்கொண்டே சாயங்காலம் முழுக்க சீரியல் பார்ப்பாள். தூளை அள்ளுகிற கை பாட்டுக்கு அள்ளும், இலையைச் சுருட்டுகிற விரல் பாட்டுக்குச் சுருட்டும், கண் டிவியை விட்டு அசையாது. அந்தக் கண் என் மேல் அப்படி நிலைத்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் போனில் பேசும்போது, "நானும் சீரியலுக்கு முயற்சி பண்ணிப் பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குன்னு ஒரு முகம் வேணும்லா பிள்ள" என்றாள் அம்மா.

குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. கடையில் மல்லித்தழை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அன்றைக்கு முடிவு பண்ணினேன். அம்மா பீடி சுற்றுகிற நேரத்தில் என் முகம் அந்தப் பெட்டியில் ஒரு தடவையாவது வரவேண்டும். பெரிய நடிகையாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரு தடவை, அவள் கை நிற்கிற மாதிரி.

லைனில் இருந்த ஒருத்தி மூலமாக ஆடிஷன் வாட்ஸ்அப் குரூப்புகள் கிடைத்தன. ஒன்றில் சேர்ந்தால் அது நான்கு குரூப்புக்கு வழிகாட்டும். "குடும்பப்பாங்கான முகம் தேவை" என்று ஒருவர் போடுவார். "மாடர்ன் லுக், ஆனால் ஹோம்லியாக" என்று இன்னொருவர் போடுவார். இந்த இரண்டும் எப்படி ஒரே மூஞ்சியில் இருக்கும் என்று நானும் அறைத்தோழியும் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தோம். பதிவுக் கட்டணம் கேட்பவர்களை ஒதுக்கிவிடும் அளவுக்கு விவரம் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் வீடியோ அனுப்பினேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும், நேராக ஒன்று, இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு கொடுத்த வசனம். மேக்கப் கூடாது, ஃபில்டர் கூடவே கூடாது.

எங்கள் ஹாஸ்டலில் வெள்ளைச் சுவர் என்று சொல்லத்தக்கது மொட்டைமாடிப் படிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அங்கே துவைத்த யூனிஃபார்ம்களை ஒதுக்கிவிட்டு நிற்பேன். அறைத்தோழி என் போனில் படம் பிடிப்பாள்.

"ஏட்டி, நேரா பாரு. மூக்க உறிஞ்சாத. அழுத மாதிரி இருக்கு."

"அழுற சீன்தாம்ட்டி."

"அதுக்கு மூக்கு எதுக்கு? கண்ணுல அழு."

இப்படித்தான் நடந்தது என் நடிப்புப் பயிற்சி. வீடியோவை அம்மாவுக்கும் அனுப்புவேன். "அந்த ஊரு தண்ணி ஒத்துக்கிட்டு போல. நல்லா வெளுத்துட்ட" என்று சந்தோஷப்பட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கன்னமெல்லாம் வழுவழுவென்று, தலையைச் சுற்றி லேசாக ஒரு வெளிச்சத்தோடு, பார்க்கவே நன்றாக இருந்தேன். வெயில் படாமல் ஏசியில் இருப்பதால் வந்த நிறம் என்று நம்பிக்கொண்டேன். ஹாஸ்டலில் எல்லாருடைய போட்டோவும் அப்படித்தான் இருந்தது. அதனால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒரு நாள் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு சீரியலில் கதாநாயகியின் தோழி வேடம், வீடியோ பிடித்திருக்கிறது, நேரில் வாருங்கள் என்று மெசேஜ். அதை அறைத்தோழி சத்தமாகப் படித்தாள். நான் மறுபடி படித்தேன். பக்கத்து அறைக்காரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். மூன்று பேருக்கும் ஒரே மாதிரிதான் வந்தது.

வார விடுமுறை நாளில் ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பை, அங்கிருந்து பஸ்ஸில் தாம்பரம், அப்புறம் ரயில். கோடம்பாக்கத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு சாலிகிராமத்தில் ஒரு அப்பார்ட்மென்ட் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் பெண்களின் செருப்பாகக் குவிந்திருந்தது. எல்லாரும் சுவரைப் பார்த்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு உதவி இயக்குநரும், நடிகர் தேர்வு செய்கிற ஒரு அக்காவும் இருந்தார்கள். அந்த உதவி இயக்குநர்தான் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆமா சார். நான்தான்."

"எந்த ஆப்ல எடுத்தீங்க? ஃபில்டர் போடாதீங்கன்னு குரூப்லயே சொல்லியிருந்தோமே சிஸ்டர்."

"ஃபில்டர்லாம் போடல சார். சாதா கேமராதான்."

அவர் அந்த அக்காவைப் பார்த்தார். அக்கா போனை வாங்கி, என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "உன் தங்கச்சியாம்மா இது?" என்று தன்மையாகத்தான் கேட்டாள். எனக்குத் தங்கச்சியே கிடையாது. ஆனால் அதைச் சொல்லாமல் முழித்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லாதவளுக்கும் முழி திருட்டு முழியாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வந்ததற்கு ஒரு தடவை செய்துவிட்டுப் போ என்றார்கள். தோழி கதாநாயகியிடம் சண்டை போட்டுவிட்டுப் போகிற காட்சி. "உனக்கு நான் யாருமே இல்லல்ல?" என்பது கடைசி வரி. இருந்த கடுப்பில் நன்றாகவே சொன்னேன். முடிந்ததும் கேமராவை நிறுத்தினார்கள். அதோடு இணைத்திருந்த டிவியில் என் முகம் அப்படியே நின்றிருந்தது. மூக்குத் தண்டில் மாஸ்க் அழுத்தின கோடு, தாடையில் பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு. இவ்வளவு தெளிவாக என்னை நான் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்தேன். ஹாஸ்டல் கண்ணாடியில் பாதி ரசம் போய்விட்டிருந்தது.

"நடிப்பு வருதும்மா" என்றாள் அக்கா. "ஆனா நாங்க கூப்பிட்டது அந்த முகத்துக்கு."

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒன்றும் விளங்கவில்லை. பாராட்டினார்களா, கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா? ரயிலில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நான்தான். மச்சம் இருக்கிறது, அம்மா போட்டுவிட்ட தோடு இருக்கிறது. ஆனால் பார்க்கப் பார்க்க, யாரோ ஒருத்தி என் தோட்டை மாட்டிக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. நடந்ததை அறைத்தோழியிடம் சொன்னபோது அவள் கொதித்துவிட்டாள். "நீ இல்லன்னு சொல்லுதானா? அப்போ எடுத்தவ நான் என்ன குருடியா?"

விடை மறுநாள் கம்பெனி கேட்டில் கிடைத்தது. நாங்கள் உள்ளே போகும்போது செக்யூரிட்டி அக்கா எங்கள் போனை வாங்கி, முன்னாலும் பின்னாலும் கேமராவுக்கு மேல் சிவப்பாக வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவாள். உள்ளே யாரும் படம் பிடிக்கக்கூடாது என்பதற்காக. வெளியே வரும்போது அது கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து நாங்களே அதை நகத்தால் உரித்து, முன் சீட்டின் முதுகில் ஒட்டிவிடுவோம். எங்கள் கம்பெனி பஸ்ஸில் எந்தச் சீட்டைப் பார்த்தாலும் சிவப்புப் பொட்டாக இருக்கும்.

அன்றைக்கு அந்த அக்கா ஒட்டின ஸ்டிக்கர் நிற்கவில்லை. இரண்டு தடவை அழுத்தினாள். மறுபடி கழன்றது.

"இன்னாம்மா இது, இம்மாம் பசை ஒட்டிகினு கீது? இதும்மேல எப்டி நிக்கும்? தொடச்சிகினு வரமாட்டீங்களா?"

அவள் பக்கத்து ஊர், பென்னலூர்க்காரி. சத்தம் போட்டுத்தான் பேசுவாள், ஆனால் நல்ல மனசு. போனைக் காலை வெயிலில் சாய்த்து எனக்குக் காட்டினாள். கேமராக் கண்ணாடி மேல் கூழ் காய்ந்த தட்டு மாதிரி ஒரு வெள்ளைப் படலம். ஒரு வருஷத்துப் பசை. தினமும் ஸ்டிக்கரை உரித்து, மிச்சத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, நானே பூசி மெழுகியிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களின் போன் கண்ணாடியை விளக்கில் பார்த்து, மங்கல் மங்கல் என்று சிவப்புத் தட்டில் தள்ளுகிறவள் நான். என் போனை ஒரு நாள் திருப்பிப் பார்க்கவில்லை. அம்மா மெச்சின நிறம், சீரியல்காரர்களுக்குப் பிடித்த முகம், எல்லாம் இந்தப் பசைதான். அன்றைக்கு லைனில் கை ஓடவே இல்லை. தெளிவாக இருந்த கண்ணாடிகளைக்கூட சந்தேகத்தில் சிவப்புத் தட்டில் போட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹாஸ்டலுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுப் பசையை எடுத்தோம். பழைய துப்பட்டாவால் துடைத்தோம். மாடிச் சுவருக்கு முன்னால் நின்று அதே சண்டைக் காட்சியை மறுபடி எடுத்தோம். அறைத்தோழி எடுத்ததைப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தாள்.

"எப்டிட்டி இருக்கு?"

"உன்ன மாதிரிதான் இருக்கு" என்றாள். போனைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தபடி, "பசைய எடுத்துருக்க வேண்டாமோ?" என்றாள்.

எனக்கும் அதே நினைப்புதான். அதுதான் எரிச்சலாக வந்தது. அம்மா சொன்ன அந்த "ஒரு முகம்" எனக்குக் கிடைத்திருந்தது, நான்தான் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேனா? இல்லை, இப்போது இருப்பதுதான் என் முகமா? நன்றாக நடித்தது யார், நன்றாக இருந்தது யார்? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது. அம்மாவுக்குப் புது வீடியோவை அனுப்பவில்லை. உதவி இயக்குநருக்கு மட்டும் அனுப்பினேன். நடந்ததையெல்லாம், ஸ்டிக்கர், பசை, தேங்காயெண்ணெய் முதற்கொண்டு ஒளிக்காமல் எழுதி, இந்த முகத்தோடு அந்த வேடத்தைச் செய்யச் சம்மதம் என்றும் சேர்த்தேன்.

மறுநாள் ஷிஃப்டுக்கு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. அறைத்தோழியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சிஸ்டர், பசைக் கதையெல்லாம் விடாதீங்க. தங்கச்சின்னா தங்கச்சின்னே சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல. டைரக்டர் சார் அந்த முகத்தத்தான் கேக்குறாரு. ரோல் கன்ஃபார்ம். அவங்கள அனுப்பி வைங்க. நீங்க வேணும்னா துணைக்குக் கூட வாங்க."

அறைத்தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே வந்தது பொறாமை. மாஸ்க் கோடு இல்லாத, பரு இல்லாத, தலையைச் சுற்றி வெளிச்சம் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. என் வசனத்தைப் பேசி, என் தோட்டைப் போட்டுக்கொண்டு, அவளுக்கு ரோல் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கும் அவளைத்தான் பிடித்திருந்தது.

என்னென்னவோ எழுதினேன், அழித்தேன். எனக்குத் தங்கச்சி கிடையாது என்று எழுதி அழித்தேன். அது நான்தான் சார் என்று எழுதினேன். எழுதும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை, அதையும் அழித்தேன். கம்பெனி பஸ் திருப்பத்தில் தெரிந்தது. எதையாவது அனுப்பிவிட்டு ஏறவேண்டும்.

"அவ ஷிஃப்ட்ல இருக்கா சார்" என்று போட்டேன்.

உடனே பதில் வந்தது. "முடிஞ்சதும் பேசச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்" என்று அனுப்பிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.