குளிரில் இறங்கிய சுருதி

கல்லூரியில் பித்தளை வாத்திய பேண்டுகளின் வரலாற்றைப் பாடமாக நடத்துகிறவன் நான். அந்தத் திமிரோடுதான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளைக்கார துரை காலத்தில் தொடங்கிய பேண்டு அது. இப்போது வாசிப்பவர்கள் கொழுந்து பறிப்பவர்களும் லோரி ஓட்டுபவர்களும். ஒருவருக்கும் இசை நோட்டு படிக்கத் தெரியாது. எனக்கு இளக்காரமாக இருந்தது.

பெட்டியிலிருந்து என் டிரம்பெட்டை எடுத்து அவர்களோடு வாசித்தேன். சுருதி சேரவேயில்லை.

"இதுகூடவா காதுல விழல?" என்று கத்தினேன்.

பேண்டை நடத்தும் கனகம் அக்கா, "உங்க டிரம்பெட்டுதான் குளிர்ல சுருதி இறங்கிருச்சு சார். கொஞ்சம் ஊதிச் சூடாக்குங்க லா" என்றார்.

"எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?"

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். அடுத்த முறை கச்சிதமாகச் சேர்ந்தது. "பாத்தீங்களா, ஒரே அதட்டல்ல சரியாயிருச்சு!" என்று மாணவர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்த பிறகுதான் கவனித்தேன். என் அளவுக்குத் தங்கள் சுருதியையும் இறக்குவதற்காக வெளியே இழுத்திருந்த குழாய்களை, அத்தனை பேரும் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன்: 'தோட்டத்து பேண்டுக்குச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுத்தோம்.'

இந்த ஆண்டு மாணவர்களும் அதைத்தான் படிக்கிறார்கள். நான் இன்னும் திருத்தவில்லை.