சால்வைக்குள் ஒளித்த பெயர்

பொன்னாடை போர்த்திக்கொள்ள எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பதவி கிடைத்தாலும் விழா, பதவி போனாலும் விழா. அப்படி ஒரு விழாவுக்குத்தான், கடைச் சால்வை வேண்டாம், பிரதம அதிதியின் பெயரை உள்ளே ஒளித்துப் பின்னித் தரவேண்டும் என்று விழாக்குழுத் தலைவர் என்னிடம் போனில் கேட்டார்.

இரண்டு நிறக் கம்பளி நூலில் கோடு கோடாகப் பின்னுவேன். நேரே பார்த்தால் வெறும் கோடுகள். சரிவாக நின்று பார்த்தால், மேடும் பள்ளமுமாக விழுந்த பின்னலில் எழுத்து எழும்பி வரும். அதற்கு முதலில் கட்டத்தாளில் வரைய வேண்டும். ஒரு ‘ஜ’வை வளைத்தெடுக்கவே எனக்கு மூன்று நாள் போகும். இந்த வெயிலில் கம்பளி நூலோடு மாரடிக்கிறாளே என்று கணவரின் அக்கா, என் மதினி, ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

காசு வேண்டாம், பின்னியவள் என்று என் பெயரைச் சொன்னால் போதும் என்றேன்.

“ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தங்கச்சி, மைக்கில சொல்லுவம்,” என்றார் தலைவர். எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளக்க வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டார்.

பிறகு அழைப்பிதழ் வந்தது. சால்வை அன்பளிப்பு என்ற இடத்தில் என் கணவரின் பெயர், இல்லாத பட்டமும் சேர்த்து. கணவரிடம் காட்டினேன். ரெண்டும் ஒன்றுதானே என்றார். ஊசி பிடிக்கத் தெரியாத மனிதர்.

பாதி பின்னியதை அன்றே பிரித்தேன். புதிதாகக் கட்டம் வரைந்து என் பெயரைப் போட்டேன். எங்கள் மண்டபங்களில் முன்வரிசை ஆண்களுக்கு, பெண்களுக்கு மேடையின் பக்கவாட்டில்தான் கதிரை. அதை நினைத்தே, பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து எழும்பும்படி கோடுகளை நெட்டுக்கு நிற்க வைத்தேன்.

விழாவில் இரண்டு பேர் சால்வையை விரித்துப் பிடித்தார்கள். அதிதியின் பெயர் எவ்வளவு அழகாகத் தெரிகிறது பாருங்கள் என்று தலைவர் முழங்கினார். முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. கோட்டைத் தவிர ஒரு மண்ணும் தெரிந்திராது. அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. என் பெயரை மைக்கில் யாரும் சொல்லவுமில்லை.

பெண்கள் பக்கம் சலசலத்தது. மதினி என் கையைப் பிடித்தாள்.

“அது உன்ட பேர்தானேகா,” என்றாள்.

பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாய்விட்டு என் பெயரை வாசித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபடி கணவர் சொன்னார்: “நான் முன்னுக்குத்தான் இருந்தன். பேர் நல்ல வடிவாத் தெரிஞ்சிச்சி.”

ஓம் என்றேன். பதினேழு வருடமாக என்னையும் அவர் நேரே எதிரில் இருந்துதான் பார்க்கிறார்.